வந்துபோகும் பறவைகள்: ஊவாவின் உள்ளானும் வலசை அறிவின் வரலாறும்

பதுளை நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வீதி பசறையையும் லுணுகலையையும் கடந்து, பிபிலைப் பக்கமாகக் கீழ்நாட்டில் இறங்குகின்றது. நமுனுகுலை மலை 2,036 மீற்றர் உயர்ந்து நிற்க, சரிவெங்கும் தேயிலையும், சரிவுகளின் அடியில் ஓடைகளை ஒட்டிப் படிப்படியாக அமைந்த வயல்களுமாகக் காட்சியளிப்பது இப்பகுதி. ஆடி, ஆவணி மாதங்களில் இங்கு வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலையின் உலகறிந்த மணத்துக்கு அக்காற்றே காரணம் என்பர். அது ஓய்ந்து, ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கி வயல்கள் சேறாகும் வேளையில், முதல்நாள் வரை அங்கில்லாத பறவையொன்று அச்சேற்றிலே காணப்படும். மனிதன் காலடி வைக்கும் அளவுக்கு நெருங்கும்வரை அது அசையாது கிடக்கும்; பின்னர்க் கரகரத்த ஒலியொன்றை எழுப்பியவாறு திடீரெனக் கிளம்பி, சற்றே கோணலாகப் பறந்து, அடுத்த வயலில் விழுந்து மறையும். சிங்களத்தில் கஸ்வட்டுவா எனப்படும் இப்பறவையைத் தமிழில் உள்ளான் என்பர். உள்ளான்களில் பல இனம் உண்டு. இங்கு வருவது பெரும்பாலும் ஊசிவால் உள்ளான். அது முட்டையிலிருந்து வெளிவந்த நிலம் சைபீரியா.

இவ்வாறு பருவந்தோறும் வந்து மீளும் பறவைகளைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே வேறுபடுத்தி அறிந்திருந்தனர். புதிதாக வந்த நாரையை 'வம்ப நாரை' எனச் சங்கச் செய்யுள் சுட்டும். வம்பு என்பது அங்குப் புதுமை. வழிச்செல்லும் அயலாரைக் குறிக்கும் 'வம்பலர்' என்ற சொல்லும் அதே அடியிற் பிறந்தது. பறவைக்கும் வழிப்போக்கனுக்கும் ஒரே அடையைத் தந்த அம்மொழியில் இகழ்ச்சிக் குறிப்பு இல்லை. பிற்காலத்தில் இலங்கையின் அரசியல் மேடையில் ஒலித்த 'வந்துபோகும் பறவைகள்' என்ற தொடரோ அத்தகையதன்று. டொனமூர் ஆணைக்குழு 1928 இல் வழங்கிய சிபாரிசுகளைத் தொடர்ந்து சர்வசன வாக்குரிமை பற்றிய விவாதம் சூடுபிடித்தபோதும், அதன் பின்னரும், பெருந்தோட்டத் தமிழரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய தொடர் அது. இந்நாட்டில் பற்றில்லாதவர்கள், உழைத்துவிட்டுப் பறந்துவிடுபவர்கள் என்பது அதன் பொருள். இவ்வுவமையைக் கையாண்டவர்கள் மக்களை எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதை வரலாற்று மாணவர் பலர் ஆராய்ந்துள்ளனர். பறவையை எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதும் ஆராயத்தக்கதே.

இலங்கைப் பறவைகள் பற்றிய நவீன அறிவு துப்பாக்கியின் வழியாகவே பிறந்தது எனின் அது மிகையன்று. ஊவாவில் வேட்டைக்கு ஒரு தனி வரலாறே உண்டு. பதுளையில் அதிகாரியாக விளங்கிய மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனக் கூறப்படுவார். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டதைத் தெய்வ தண்டனையாகவே மக்கள் பேசிக்கொண்டனர். யானையைத் துரத்த வாய்ப்பில்லாத துரைமாருக்கு உள்ளான் வேட்டை எளிதாகக் கிட்டிய பொழுதுபோக்கு. பங்களாவிலிருந்து சற்றுக் கீழிறங்கினால் வயல், வயலெங்கும் பறவை. ஆங்கிலத்தில் மறைந்திருந்து சுடுபவனைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்ற சொல், 'ஸ்னைப்' என்னும் உள்ளானின் பெயரிலிருந்து, இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினரிடையே பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றியது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சுடுவதற்கு அரிதான பறவையைச் சுட்டவனுக்குச் சூட்டிய பெயர், பின்னர் மனிதரைச் சுடுபவனுக்கு உரியதாயிற்று.

வேட்டைப் பையிலிருந்தே விஞ்ஞானமும் வளர்ந்தது. 1852 இல் கெலாட் என்னும் இலங்கை மருத்துவர் இந்நாட்டு உயிரினங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். அதற்குப் பின் வந்தவருள் தலையாயவர் வில்லியம் வின்சன்ட் லெக். தஸ்மேனியாவிற் பிறந்து, பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றிய இவர், 1878 முதல் 1880 வரை இலண்டனிற் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்னும் பெருநூல் இன்றும் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகின்றது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், 1879 முதல் 1881 வரை, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகள் பற்றிய மூன்று தொகுதிகள் கல்கத்தாவில் வெளிவந்தன. அவற்றின் ஆசிரியர் இருவரில் ஒருவர் ஆலன் ஒக்டேவியன் ஹியூம். 1885 இல் இந்தியத் தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவராக மட்டுமே தமிழ் மாணவர் அறிந்துள்ள அதே ஹியூம்தான் இவர். பல்லாண்டு திரட்டிய கையெழுத்துப் பிரதிகள் பழைய கடதாசியாகச் சிம்லாக் கடைத்தெருவில் விலைபோன பின்னரே அவர் பறவையியலைக் கைவிட்டார். இருபதாம் நூற்றாண்டில், சிவில் சேவையைச் சேர்ந்த வெய்ற் 1925 இலும், இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955 இலும் வெளியிட்ட நூல்கள் இம்மரபைத் தொடர்ந்தன.

இந்நூல்களில் சுட்டவர் பெயர் உண்டு. சுட்ட இடமும் நாளும் உண்டு. சேற்றில் இறங்கிப் பறவையைக் கிளப்பியவர், விழுந்ததைத் தேடி எடுத்தவர், அது எந்த மழையோடு வரும், எந்த வயலில் இறங்கும் என்பதைத் துரைக்குச் சொன்னவர் ஆகியோரின் பெயர்கள் அரிதாகவே காணப்படும். அறிவு யாருடையது, ஏடு யாருடையது என்ற வினா ஊவாவில் பறவையியலுக்கு மட்டும் உரியதன்று.

ஊசிவால் உள்ளானை ஐரோப்பிய உள்ளானிலிருந்து பிரித்தறிய உதவுவது வால். ஐரோப்பாவில் காணப்படும் சாதாரண உள்ளானுக்கு வாலிறகுகள் பெரும்பாலும் 14. ஊசிவால் உள்ளானுக்கோ 24 முதல் 28 வரை. அவற்றுள் இருபுறத்தும் வெளியே அமைந்தவை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலமே கொண்டு ஊசிகள் போல் விறைத்து நிற்கும். வயலில் எழுந்து பறக்கும் பறவையில் இவ்வேறுபாட்டைக் காண்டல் அரிது. கையில் எடுத்து வாலை விரித்தால் ஐயத்துக்கு இடமில்லை. தாயகத்து நினைவோடு சுட்ட ஆங்கிலேயர் கையிற் கிடந்தது தாயகத்துப் பறவையன்று. இவ்வூசிகளின் பயன் இங்குத் தெரிவதில்லை. சைபீரியாவின் வேனிலில் ஆண்பறவை வானில் உயர ஏறிச் செங்குத்தாகப் பாயும்போது இவ்விறகுகள் காற்றில் அதிர்ந்து இரைச்சல் எழுப்பும்; அதுவே அதன் காதற் பாட்டு. பசறை வயலில் ஆறு மாதம் வாழும் பறவை அந்த வாத்தியத்தை ஒலிக்காமலே சுமந்து திரிகின்றது. அதன் அலகோ இங்கு ஓயாது வேலை செய்வது. நீண்ட அவ்வலகின் நுனியில் உணர்நரம்புகள் செறிந்துள்ளன. சேற்றுக்குள் முழுவதும் புதைந்த நிலையிலும் நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றவல்லது அது. கண்கள் தலையின் பின்புறமாகத் தள்ளி அமைந்திருப்பதால், அலகைச் சேற்றில் நாட்டியிருக்கும்போதும் பின்னால் வரும் பகையை அது காணும்.

சில கிராம் எடை கூடினும் குறையினும் உயிருக்கு இறுதி என்ற நிலையில் இத்தகைய பறவைகள் நெடுந்தூரம் பறப்பது எவ்வாறு? பருவ இறுதியில் உள்ளான் கொழுத்திருக்கும் என்பதை வேட்டைக்காரர் அறிந்திருந்தனர். அவர்களைவிட அவர்களது சமையற்காரர் நன்கு அறிந்திருப்பர். அக்கொழுப்பே எரிபொருள் என்பதும், அதனை ஏற்றுவதற்குப் பறவை தன் உடலின் உள்ளமைப்பையே மாற்றிக்கொள்கின்றது என்பதும் தெளிவாகியது மிக அண்மைக் காலத்திலேயே. உள்ளானின் உறவினங்களான கடற்கரைப் பறவைகளிலேயே இவ்வுண்மை முதலிற் புலப்பட்டது. அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்குப் பறக்கும் பட்டைவால் மூக்கன் புறப்படும் வேளையில் அதன் எடையில் ஏறத்தாழ 55 வீதம் கொழுப்பு. அவ்வளவு சுமையைத் தாங்கவேண்டுமாயின் வேறெதையாவது இறக்கவேண்டுமன்றோ? இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் ஆகியன சுருங்கிவிடுகின்றன என 1998 இல் வெளியான ஆய்வு காட்டியது. வழியில் உண்ணப்போவதில்லை, எனவே உண்பதற்கான உறுப்புகளைச் சுமப்பது வீண். பறப்புத் தசைகளும் இதயமுமோ பெருக்கின்றன. பயணம் போகின்றவன் அடுப்பையும் அம்மியையும் வீட்டிலே விட்டுச் செல்வது போன்றது இது. ஆனால் சேருமிடத்தில் அவற்றைத் தன் உடம்பிலிருந்தே மீண்டும் செய்துகொள்ளவேண்டும்.

2000 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. வடமேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து சீனக் கரைவரை ஏறத்தாழ 5,400 கிலோமீற்றர் பறந்த பெருநொட் என்னும் பறவைகளைப் புறப்படுமுன்னும் சேர்ந்தபின்னும் ஒப்பிட்டபோது, கொழுப்பு மட்டுமன்றித் தசையும் தோலும் உள்ளுறுப்புகளும் குறைந்திருந்தன. குறையாது இருந்தவை மூளையும் நுரையீரலும் மட்டுமே. பறவை தன்னையே உண்டு பறக்கின்றது எனலாம். 2007 இல் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை 11,600 கிலோமீற்றருக்கு மேல் எட்டு நாளில் இடைநில்லாது பறந்தது. 2022 இல் பிறந்து ஐந்தே மாதமான இளம்பறவையொன்று 13,560 கிலோமீற்றரைப் பதினொரு நாளிற் கடந்து தஸ்மேனியாவில் இறங்கியது. அது இறங்கிய வடகிழக்குத் தஸ்மேனியா, லெக் தம் முதுமையைக் கழித்த மண்ணும் ஆகும்.

அவ்விளம்பறவைக்கு வழிகாட்டியாகத் தாய்தந்தையர் உடன்வந்தனரா என்பது இயல்பாக எழும் வினா. கரைப்பறவைகள் பலவற்றில் அவ்வாறு நிகழ்வதில்லை. வடசைபீரியாவின் தைமிர்ப் பிரதேசத்திற் பிறந்து மன்னார்க் கரைக்கு வரும் வளையலகு உள்ளானை எடுத்துக்கொள்ளின், ஆண்பறவைகள் ஆடி மாதத் தொடக்கத்துக்கு முன்பின்னாகவே கூட்டை நீங்கிவிடும். குஞ்சு வளர்ந்தபின் தாயும் புறப்பட்டுவிடும். எஞ்சிய குஞ்சுகள் ஒருபோதும் கண்டிராத தென்கடலை நோக்கித் தாமாகவே பறக்கும். தாய்ப்பறவைகள் இங்கு வந்திறங்கும்போது வேனிற் காலத்துச் செந்நிறம் மார்பில் மங்கிக் கிடக்கும். சில வாரங்களில் அவ்விறகுகள் உதிர்ந்து சாம்பல் நிறம் பரவும். இனப்பெருக்க உறுப்புகளும் மாரிகாலத்தில் சுருங்கிச் சிறுத்துவிடும். பங்குனியில் மீண்டும் நிறம் ஏறும்; கொழுப்பும் ஏறும். முதலாண்டுப் பறவைகளிற் பல மட்டும் வடக்கே செல்லாது நம் கரைகளிலேயே அவ்வேனிலைக் கழிக்கும்.

காலத்தை அவை அறியும் வகையும் நெடுநாள் மறைபொருளாகவே இருந்தது. 1920களில் கனடாவின் எட்மன்டனில் வில்லியம் ரோவன் கடுங்குளிரில் சிறு பறவைகளைக் கூண்டில் வைத்து, மின்விளக்கால் பகலை நீட்டினார். வெளியே பனி உறைந்திருக்கவும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்திற் போல் வளர்ந்தன. பகலின் நீளமே மணி என்பது இதனாற் புலனாயிற்று. ஆயினும் இலங்கையின் நிலைமை வேறு. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பகலும் இரவும் என்றும் சமமாக வைக்கப்பட்ட கூண்டுகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த நொட் பறவைகளும் உரிய பருவத்தில் இறகு மாற்றிக் கொழுத்தன என நெதர்லாந்து ஆய்வாளர் கண்டனர். ஆண்டைக் கணிக்கும் கடிகாரம் ஒன்று உடலுக்குள்ளேயே ஓடுகின்றது என்பதே முடிவு. பசறை வயலில் சித்திரைக்குள் உள்ளான் காணாமற் போவது இக்கடிகாரத்தின்படியே.

இனி, பற்று என்னும் விடயம். ஒரு பறவையை மீண்டும் அதே பறவையாக அறியும் வழி 1899 இல் பிறந்தது. டென்மார்க்கின் ஆசிரியர் மோர்ட்டன்சன் இலக்கமிட்ட அலுமினிய வளையங்களை மைனாவின் இனத்தைச் சேர்ந்த பறவைகளின் காலில் மாட்டிப் பறக்கவிட்டார். இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் தலைமையில் 1959 முதல் இப்பணியை விரிவாக மேற்கொண்டது. கோடிக்கரை அதன் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று. 1980களில் எஸ். பாலச்சந்திரன் மண்டபத்திலும் அதனை அடுத்த தீவுகளிலும் கரைப்பறவைகளை ஆராய்ந்தார். உலகின் பல கரைகளிலும் வளையங்கள் கூறிய செய்தி ஒன்றே: இப்பறவைகள் ஏதோ ஒரு தென்னாட்டுக்கு வருவதில்லை, வளர்ந்த பறவை ஆண்டுதோறும் அதே கரைக்கு, பலபோது அதே சேற்றுத் திட்டுக்கு மீள்கின்றது. ஊவாவின் ஓடைக்கரைகளில் ஓயாது வாலை ஆட்டியபடி தனித்துத் திரியும் சிறிய உள்ளானும் இத்தகையதே. சிங்களத்தில் சிலித்தா எனப்படும் இது ஆவணியிலேயே வந்துவிடும். ஓடையின் ஒரு பகுதியைத் தனதெனக் கொண்டு, அங்கு நுழையும் தன்னினத்தைத் துரத்தும். ஆண்டின் பெரும்பகுதியை அது கழிப்பது பிறந்த நாட்டிலன்று, இங்கே. இலங்கை அதற்குத் தங்குமடம் என்பதைவிட, இரண்டு வீடுகளுள் ஒன்று என்பதே பொருந்தும்.

மண்டபம் என்ற பெயர் பறவையியலாளருக்கு ஒன்றையும் மலையகத்தாருக்கு வேறொன்றையும் நினைவூட்டும். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்ப் பக்கமாக இறங்கி, வடபாதை வழியே காட்டில் நடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலையேறினர். கொள்ளை நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் மீண்டவர் அவருட் பெரும்பாலோர். அன்று 'வந்துபோகும் பறவை' என்ற உவமைக்குச் சிறிதேனும் பொருத்தம் இருந்தது. அந்நிலையை மாற்றிய நிகழ்ச்சி பசறைக்கு அப்பாலுள்ள மடுல்சீமையிலேயே தொடங்கியது வரலாற்றின் விந்தை. 1869 இல் கோப்பி இலைகளைத் தாக்கிய பூஞ்சண நோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டது அங்குள்ள தோட்டமொன்றில்தான். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. தேயிலைக் கொழுந்துக்குப் பருவம் இல்லை; ஆண்டு முழுதும் பறித்தாக வேண்டும். பருவத்துக்கு வந்த ஆண்கள் இருந்த இடத்தில் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கிய பின் மண்டபம் முகாமே அவர்களது வாயிலாயிற்று. நோய்த்தடுப்புக் காவலில் நாட்களைக் கழித்தபின்னரே கடல் கடந்தனர்.

ஆக, அவ்வுவமை அரசியல் மேடையில் ஓங்கி ஒலித்த காலத்தில் அது குறித்த மக்கள் பறவைகள்போல் வந்துபோவதை விட்டு அரை நூற்றாண்டாகியிருந்தது. உறவினரைக் காண இந்தியா சென்றுவந்த பயணமும் பற்றின்மைக்குச் சான்றாயிற்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949 ஆம் ஆண்டின் சட்டம் தொடர்ச்சியாக வசித்தமைக்கு ஆதாரம் கேட்டது. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியோர் எனவும் 3,00,000 பேரை இலங்கைக்கு உரியோர் எனவும் வகுத்தது. பதுளையிலிருந்து புகையிரதத்தில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, பலர் தாம் முன்பின் கண்டிராத ஊருக்கு மண்டபம் வழியாகச் சென்றனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மண்டபத்துக் கரையில் ஆய்வாளர் பறவைக்கு வளையமிட்ட அதே 1980களில், அதே ஊரின் முகாமில் இலங்கையிலிருந்து வந்த அகதிகள் தங்கியிருந்தனர்.

பறவைகளின் நிலையும் இன்று பழையதன்று. தைமிரில் வெப்பம் மிகுந்து, பனி உருகும் காலம் ஆண்டுக்காண்டு முந்துகின்றது. குஞ்சு பொரிக்கும் நாளுக்கும் பூச்சிகள் பெருகும் நாளுக்கும் இருந்த பொருத்தம் குலைகின்றது. முப்பத்துமூன்று ஆண்டுச் செய்மதிப் படங்களை ஆதாரமாகக் கொண்டு 2016 இல் வெளியான ஆய்வு, அங்குப் பிறந்த நொட் பறவைகள் உடல் சிறுத்தும் அலகு குறுகியும் வளர்கின்றன எனக் கண்டது. வடக்கில் நேர்ந்த குறை வெளிப்படுவது தெற்கில். ஆபிரிக்காவின் மொரிட்டானியக் கரையில் மணலின் ஆழத்திலுள்ள சிப்பிகளைக் குறுகிய அலகு எட்டுவதில்லை. அத்தகைய இளம்பறவைகள் முதலாண்டிலேயே பெருமளவில் மடிகின்றன. தைமிரிலிருந்து மன்னாருக்கு வரும் வளையலகு உள்ளானும் கொசு உள்ளானும் அதே வேனிலில், அதே நிலத்தில் பொரிப்பவை.

லெக் தம் நூலில் ஒவ்வோர் இனத்துக்கும் இறக்கை, வால், கால், அலகு ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துவைத்துள்ளார். கோப்பி அழிந்துகொண்டிருந்த நாட்களில், அலகு குறுகும் என எவரும் எண்ணியிராத காலத்தில் அளக்கப்பட்டவை அவை. இன்று அவற்றோடு ஒப்பிட்டு அளப்பதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. மாலை மங்கும் வேளையில் வயலோரம் கட்டிய மென்வலையும், ஓர் அளவுகோலும், ஐப்பசி மழையோடு பசறை வயலில் உள்ளான் எங்கே இறங்கும் என்பதை அறிந்த ஒருவரும் போதும். இம்முறை அவர் பெயரும் ஏட்டில் ஏறவேண்டும்.